பீங்கானைக் குளிப்பாட்டிய பகல்

பீங்கான் உடம்பை நக்கிவிடக் கூடாது. ஹபீபுன்னிசாவுக்கு வேறு எதுவுமே மனசில் ஓடவில்லை.

அவளுடைய வெள்ளைப் பூனை பீங்கான், வாலிலிருந்து இடுப்புவரை பூச்சிமருந்தில் நனைந்து கொல்லையில் நின்றது. எல்லாம் அவள் புருஷன் அப்துல் வஹாப் செய்த வேலை. கழக அரசு கூலிக்குச் சட்டம் போட்டும் நிலக்காரர்கள் கொடுக்க மனசில்லாமல் இழுத்தடித்தார்கள். ஆட்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். பயிரிலோ புகையான் பூச்சி விழுந்துவிட்டது. "நானே அடிச்சுக்கிறேன், என்ன பெரிய வித்தை!" என்று வஹாப் கிளம்பினார். வரப்பில் குடை பிடித்து நின்று அதட்டியே பழகிய மனுஷன். மருந்தை வயலில் வைத்துக் கலக்க வேண்டும் என்றுகூடத் தெரியாமல் வீட்டுக் கொல்லையிலேயே கலக்கி, மிச்சத்தை வாளியோடு விட்டுவிட்டு வயலுக்குப் போனார். அதைத்தான் பூனை கவிழ்த்துக்கொண்டது.

மருந்து பட்ட நெல்லைக் கொத்திய அடுத்த வீட்டுக் கோழி துடித்துச் செத்ததை அவள் பார்த்திருந்தாள். பீங்கான் தலையைத் திருப்பி நாக்கை நீட்டியது. பாய்ந்து பிடரியைப் பிடித்தாள். பிடித்த கையை எடுத்தால் நக்கும். எடுக்காவிட்டால் தண்ணீர் ஊற்ற முடியாது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வேலியோரம் அம்சம் போய்க்கொண்டிருந்தாள். வேலைநிறுத்தத்துக்கு முன்னால் இவர்கள் வயலில் நாற்று நட்டவள்.

"அம்சம்! ஓடி வா, பூனை செத்துடும்!"

அம்சம் தயங்கி நின்றாள். கூலி முடிவாகும்வரை நிலக்காரர் வீட்டை மிதிப்பதில்லை என்று சங்கத்தில் கை தூக்கியவள் அவள். பிறகு படலைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"வேலைக்கு வரல பாயம்மா. பூனைக்குத்தான் வந்தேன்."

அண்டாவில் சாக்கை மடித்துப் போட்டார்கள், நகம் ஊன்றி நிற்கட்டும் என்று. வெதுவெதுப்பான தண்ணீரைக் கழுத்துக்குக் கீழே மட்டும் அம்சம் மெதுவாக ஊற்றினாள். காதில் சொட்டு விழாமல் ஹபீபுன்னிசா உள்ளங்கையால் மறைத்துக்கொண்டாள். பூனை அலறியது, முழங்கையைப் பிறாண்டியது. அவள் விடவில்லை. சோப்பு போட்டு அலசி, திரும்பவும் போட்டு, மருந்து வாடை போகும்வரை அலசினார்கள். முகத்தை ஈரத்துணியால் ஒற்றினார்கள். ஹபீபுன்னிசா பூனையைத் துண்டில் சுற்றி அதன் வாயைத் திறந்து பார்த்தாள். நுரை இல்லை. அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

அம்சம் தன் கையை முழங்கைவரை சோப்பு போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீங்களும் கழுவுங்க பாயம்மா. போன போகத்துல எங்க வூட்டுக்காரரு மருந்தடிச்ச கையோட சோத்துல கை வச்சாரு. பொழச்சு வந்ததே பெரிசு. அதான் மருந்தடிக்கிற அன்னிக்கு ஆளுக்கு ஒரு சோப்பு வேணும்னு சங்கத்துல கேட்டோம். பாய் சிரிச்சாரு."

ஹபீபுன்னிசா நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. காலையில் வயலுக்குக் கிளம்பிய வஹாபுக்குத் தூக்குவாளியில் சோறு கட்டிக் கொடுத்தவள் அவள்தான். பசி பொறுக்காத மனுஷன்.

"யா ரப்பே!"

பூனையை அம்சத்தின் மடியில் போட்டுவிட்டு, சோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் வயலைப் பார்த்து ஓடினாள்.