கீழ்வீட்டுக்குக் கேட்காத ட்ரம்பெட்

கெய்ரோவில் முகமது அலி தெருவில் கல்யாண பேண்டுக்கு ட்ரம்பெட் வாசிப்பவர் ரிஃபாத். அவருக்குக் கீழ்வீட்டில் இருந்த உம்மு வஜ்தியின் ஒரே மகன் வஜ்தி, இத்தாலிக்குப் போன படகு கவிழ்ந்து இறந்துபோனான். உடல்கூடக் கிடைக்கவில்லை. துக்க வீட்டுக்கு மேலே சத்தம் போடக் கூடாதென்று ரிஃபாத் சத்தத்தை அடக்கும் ஒரு ம்யூட் வாங்கி, ட்ரம்பெட்டின் வாயில் செருகிக்கொண்டு பயிற்சி செய்தார். சத்தம் அறையைத் தாண்டவில்லை.

நாற்பதாம் நாள் கழிந்த மறுநாள் மதியம் உம்மு வஜ்தி படியேறி வந்தாள்.

“ஏம்ப்பா, வாசிக்கிறதை விட்டுட்டியா?”

“இல்ல, உம்மு வஜ்தி. உங்களுக்குத் தொந்தரவா இருக்குமேன்னு அடைச்சு வச்சு ஊதுறேன்.”

“வஜ்தி இருந்தப்ப தினமும் உன்னைத் திட்டுவான், அந்தாளு தூங்கவே விடமாட்டேங்கிறான்னு. இப்ப வீட்ல ஒரு சத்தமும் இல்ல. அதை எடுத்துட்டு ஊது.”

ரிஃபாத் ம்யூட்டை உருவினார். அவருக்குக் கைவந்தது மாப்பிள்ளை ஊர்வலப் பாட்டுதான். அதையே ஊதினார். முதல் வரி முடிவதற்குள் எதிர்வீட்டுக்காரன் கத்தினான்.

“வெக்கமா இல்லையாடா? எழவு விழுந்த எடத்துல கல்யாணப் பாட்டா?”

உம்மு வஜ்தி சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

“செத்தது என் புள்ள. நீ வாயை மூடு!”

திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தாள். ரிஃபாத் மறுபடி ஊதினார், சுரம் உடைந்து உடைந்து வந்தது. அவள் அழவில்லை. பாட்டு முடிந்ததும், “இன்னொண்ணு” என்றாள்.