றிபாத் விழுங்கிய குளிசை

எலியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன். இருபத்திரண்டு வருடமாக நான் வட்டவிதானை. எந்த மடையில் எப்போது தண்ணீர் திறப்பது என்பது வரை எங்கள் வயல்வெளியில் என் சொல்தான். போன போகத்தில் இரண்டு பேருக்கு எலிக்காய்ச்சல் வந்தது. அதனால் இந்தமுறை சுகாதாரப் பரிசோதகர் தந்த குளிசையை ஒவ்வொருவரும் என் கண்முன்னே விழுங்கவேண்டும் என்று நின்றேன். வாயைத் திறந்தும் காட்டச் சொன்னேன். என்னைக் காக்கா என்று கூப்பிடும் தங்கை முஸ்பிறாவின் மாப்பிள்ளை றிபாத்தும் திறந்து காட்டினார்.

விதைப்பு வாரம் வயல் வாடியைத் துப்புரவாக்கப் போனோம். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த குடில். தரையெல்லாம் சுண்டெலிப் புழுக்கை, மூத்திர வாடை. அவசரத்தில் விதைநெல் மூட்டைகளை முந்தின நாளே அதற்குள் இறக்கிவிட்டிருந்தோம்.

"மச்சான், கொஞ்சம் தண்ணி தெளிச்சிட்டுக் கூட்டுவமே. தூசி மூக்குக்குள்ள போகும்," என்றார் றிபாத்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "விதைநெல்லு நனைஞ்சா நீங்களா பதில் சொல்ற? குளிசை முழுங்கின ஆளுக்கு என்ன எலிப்பயம்? கூட்டுங்க மச்சான்!"

கூட்டினார். புழுதி கதவால் புகையாக வெளியே வந்தது. நான் வரம்பில் நின்று வேலை ஏவிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வாரம் அவருக்குக் காய்ச்சல். இடுப்பு வலி, மூத்திரம் போகவில்லை. எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் அதற்குரிய ஊசி போட்டார்கள். இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பினார்கள்.

முஸ்பிறா கட்டிலோரம் நின்று பொரிந்து தள்ளினாள். "குளிசைய முழுங்கல்லதானே? காக்கா தொண்ட கிழியக் கத்தினாரே! வாய்க்குள்ள ஒளிச்சி வெச்சித் துப்பியிருப்பீங்க. மூணு புள்ளையள வெச்சிக்கிட்டு இந்தப் புத்தி!"

"முழுங்கினன் புள்ள. மச்சானுக்கிட்டக் கேளு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அவருடைய தொண்டை அசைந்ததை இந்த இரண்டு கண்ணாலும் கண்டவன் நான். ஆனால் விழுங்கியும் காய்ச்சல் வந்தது என்று வெளியே போனால் நாளைக்கு என் பேச்சை எவன் கேட்பான்? குளிசை போட்டால் பயமில்லை என்று எண்பது பேரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன வாய் இது.

"எத்தினை பேர்ட வாயப் பாத்தன், ஞாபகமில்ல," என்றேன். சீ, நானும் ஒரு மனிசன்!

அடுத்த நாள் றிபாத்துக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. லுஹர் தொழுகைக்கு முன்னமே மௌத்தானார்.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது அவரை அடக்கி மூன்று வாரம். எலிக்காய்ச்சல் இல்லையாம், ஹன்டா என்று ஒரு வைரஸாம். வாடியில் பொறி வைத்துப் பிடித்த சுண்டெலிகளிலும் அது இருந்ததாம். காய்ந்த புழுக்கையின் தூசியைச் சுவாசித்தால் வரும், அந்தக் குளிசை இதைத் தடுக்காது, நனைத்துவிட்டுத்தான் துப்புரவாக்கியிருக்கவேண்டும் என்றார் டொக்டர்.

புருசனுக்காக இத்தா இருந்த தங்கையிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். "அவர் முழுங்கினவருதான் புள்ள. நான் கண்டன். தண்ணி தெளிக்கவும் கேட்டாரு, நான்தான் விடல்ல." அடிப்பாள், மண்ணள்ளித் தூற்றுவாள் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

அவள் அழக்கூட இல்லை.

"மூச்சு முட்டக்குள்ள என்ட கையப் பிடிச்சி, 'அல்லாஹ்ட ஆணையா முழுங்கினன்' எண்டாரு காக்கா," என்றாள். "நான் கையத் தட்டிவிட்டுட்டன்."