பதினோரு கோடுகள்

1985 மார்கழியில் மானாம்பதியில் வீட்டுக்கு வீடு குழந்தைகளுக்குப் பேதி கண்டது. சென்னையில் ஓர் ஆய்வுக்கூடம், அப்படிப் படுத்த குழந்தைகளின் மலத்தைச் சேகரித்துக்கொண்டிருந்தது. உத்திரமேரூரில் தங்கி அந்த வேலையைச் செய்தவள் பாக்கியமேரி. ஐஸ் போட்ட பிளாஸ்க்கைத் தோளில் மாட்டிக்கொண்டு காலை பஸ்ஸில் வந்து இறங்குவாள். ஊரில் அவளை நர்சம்மா என்றார்கள். அவள் நர்ஸ் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

சின்னராசுவின் வீட்டில் அண்ணன் தம்பி இருவரும் கூட்டாக இருந்தார்கள். தம்பி மனைவி அம்முலு, தென்னேரியில் தாய் வீட்டுக்குப் போய்த் திரும்பிய மறுநாள் அவளுடைய ஒன்றரை வயதுப் பெண்ணுக்குப் பேதி பிடித்தது. நான்கு நாள் கழித்து, சின்னராசுவின் மனைவி சுலோச்சனாவின் பத்து மாதப் பையனுக்கும் வந்தது. பெண் தேறிவிட்டாள். பையனுக்குக் கண் குழிந்துபோய்விட்டது. அழுதால் கண்ணீர் வரவில்லை.

பாக்கியமேரி இரண்டு குழந்தைகளின் மலத்தையும் குப்பிகளில் எடுத்தாள். பிறகு உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலத்தைப் பிரித்து, காய்ச்சி ஆற்றிய தண்ணீரில் கரைத்து, சுலோச்சனாவின் கையில் கொடுத்தாள்.

"கரண்டி கரண்டியா வுடு."

"குடுத்தா வாந்தி எடுக்குதே."

"எடுத்தா பத்து நிமிசம் வுட்டுட்டு மறுபடி குடு. நிறுத்திடாத."

சுலோச்சனா சோறு தின்னாமல் மதியம் தாண்டியும் ஊட்டிக்கொண்டே இருந்தாள். மூன்று மணிக்குப் பையன் அவள் மடியை நனைத்தான். ஒன்றுக்குப் போய்விட்டான், இனி பயமில்லை என்றாள் பாக்கியமேரி. சுலோச்சனா அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே, வாசற்படியில் நின்ற அம்முலுவைப் பார்த்துச் சொன்னாள்:

"தாய் வூட்லேருந்து மொறம், சட்டின்னு எட்தாருவாங்க. நீ பேதிய எட்தாந்த."

மறுவாரம் பாக்கியமேரி வந்தபோது, கொல்லையில் அம்முலுவுக்குத் தனி அடுப்பு இருந்தது.

மாசி மாதம் பாக்கியமேரி கூட்டத்துக்காகச் சென்னை போனாள். ஆய்வுக்கூடத்தில் வரதன் என்பவர் ஒரு புகைப்படத்தைக் காட்டினார். வரிசை வரிசையாக, ஏணிப்படி மாதிரிக் கோடுகள்.

"இந்தக் கிருமியோட மரபுப் பொருள் பதினோரு துண்டா இருக்கும். கூழ் மாதிரி ஒரு தகட்டுல ஓட்டினா, சின்னத் துண்டு தூரம் ஓடும், பெருசு பின்தங்கும். கோடு நிக்கற இடத்தை வச்சு இது எந்த வகைன்னு பாக்கறோம்."

ஒரு குழந்தைக்கு ஒரு வரிசை; பெயர் இல்லை, எண்கள்தான் இருந்தன. நாற்பத்தொன்று அம்முலுவின் பெண், நாற்பத்து மூன்று சுலோச்சனாவின் பையன் என்று பாக்கியமேரிக்குத் தெரியும்.

"இது ரெண்டும் ஒரே வூடு சார்."

வரதன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். "ஒரே வீடா? கடைசி ரெண்டு கோட்டைப் பாருங்க. இடமே வேற. ரெண்டும் வேற வேற வகை." விரலை நகர்த்தினார். "நாற்பத்து மூணு, இதோ இந்த ரெண்டோட ஒத்துப்போகுது. ஒரே ஊருக்குள்ள எத்தனை வகை சுத்துதுன்னு பாக்கத்தான் இவ்வளவும்."

முடிவை வீட்டுக்காரர்களிடம் சொல்வது அவள் வேலை இல்லை. ஆனாலும் மறுநாளே மானாம்பதிக்குப் போனாள். நல்ல சேதி கொண்டுபோகிற நினைப்பில் பஸ்ஸில் உட்காரக்கூட மனம் வரவில்லை.

இரண்டு குழந்தைகளுக்கும் வந்தது வேறு வேறு வகை என்று நோட்டில் கோடு போட்டுக் காட்டினாள். சுலோச்சனா வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப எம்புள்ளைக்கு எங்கேருந்து வந்துச்சி?"

"தெர்ல. அதே தினுசு இந்தத் தெருவுல இன்னும் ரெண்டு கொயந்தைக்கு இருந்துக்கீது. யாரு மொதல்னு சொல்ல முடியாது."

சுலோச்சனா பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். பாக்கியமேரியும் பின்னால் போனாள். அம்முலு அடுப்பருகே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அம்முலு, உம் பொண்ணுகிட்டேருந்து வர்லியாம். நர்சம்மா பாத்துட்டு வந்து சொல்லுது."

அம்முலு நிமிரவில்லை. "கோடு ஒண்ணாவே இருந்திருந்தா இன்னா பண்ணியிருப்பக்கா?"

சுலோச்சனா பையனை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"நானா அனுப்பி வெச்சேன்? எம் பொண்ணுந்தான் வாடிப் படுத்துக்கினு இருந்துச்சி. நீ வந்து எட்டிப் பாக்கல."

பாக்கியமேரிக்கு முகம் சுட்டது. கோடுகள் ஒத்துப்போயிருந்தால் அவள் வந்திருக்க மாட்டாள். அந்த நோட்டை யாருக்கும் காட்டாமல் மூடி வைத்திருப்பாள்.

சுலோச்சனா மண்ணிலேயே உட்கார்ந்தாள். "பயத்துல சொல்லிட்டேன். சொன்னது தப்புதான். இந்தக் கோட்டுக்காகத் தப்புன்னு சொல்லல."

அம்முலு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பையனை வாங்கினாள். அவன் அவளுடைய மூக்குத்தியைப் பிடித்து இழுத்தான். "இளைச்சிட்டான்," என்றாள். அன்றும் தன் தனி அடுப்பில்தான் சமைத்தாள். சித்திரை பிறந்த பிறகுதான் இருவரும் ஓர் அடுப்பில் சமைத்தார்கள்.

அடுத்த குளிர்காலத்தில் வேறோர் ஊரில், சிட்டம்மாள் என்ற பெண் பக்கத்து வீட்டைக் கைகாட்டி, அங்கிருந்துதான் பேதி ஒட்டிக்கொண்டது என்றாள். பாக்கியமேரி குப்பியின் மூடியைத் திறந்தபடியே சொன்னாள்:

"ஒட்டிக்கினே வந்திருக்கட்டும். அவங்க புள்ளைக்கும் நோவுதானே. தண்ணி காய வெச்சியா, சொல்லு."