மே மாதத்து மூச்சு

பிரம்மநாயகம் பெட்டியை மேசைமேல் வைத்த வேகத்தில், பட்டறையில் பலகை அறுத்துக்கொண்டிருந்த உதவியாள் அல்தாப் மெஷினை நிறுத்திவிட்டான். கண்ணாடி போன்ற அக்ரிலிக் பெட்டி. ஒரு அடி உயரம், அடிப்பக்கம் திறப்பு. சதாராவுக்குக் கிழக்கே, வறண்ட மலையில் சிறு புதர்களை இதனால் மூடி, உள்ளே கரிக்காற்று, அதாவது கார்பன்-டை-ஆக்சைடு, கூடுகிறதா குறைகிறதா என்று அளப்பது மாட்டுங்காக்காரரான அவருடைய ஆராய்ச்சி. தாராவியில் பட்டறை வைத்திருக்கும் ஜுவைரியாதான் பெட்டியைச் செய்து கொடுத்தவள்.

பெட்டி ஒழுகுகிறது என்று அவர் தன் டைரக்டருக்குக் கடிதம் எழுதிவிட்டார். அந்தச் சேதி பரவி வேறு இரண்டு ஆய்வகங்களும் அவளுக்குக் கொடுத்த வேலையை நிறுத்திவிட்டன. கடிதத்தைத் திரும்பப் பெறச் சொல்லி நாலு நாளாகக் கூப்பிட்டவளிடம், பெட்டியைத் திருப்பித் தந்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தார்.

மே மாதம் பட்டப்பகலில், வெளியே இருப்பதைவிடப் பெட்டிக்குள் கரிக்காற்று கூடியதாம். செடி உறிஞ்ச வேண்டிய நேரத்தில் எப்படிக் கூடும் என்று கேட்டார்.

“ஓட்டைன்னா உள்ளயும் வெளியயும் ஒண்ணாயிரும்லா சார். கூடுதலா எங்கெருந்து வந்துச்சு?”

பசையைக் குறை சொன்னார். ஆகஸ்டிலும் இதே பசைதான், அப்போது குறைந்ததே என்றாள். அந்த மாதம் இலைகள் விட்ட ஈரத்தில் பெட்டிச் சுவர் வியர்த்திருந்த படத்தை அவரே அனுப்பியிருந்தார். மே மாதமும் வியர்த்ததா என்று கேட்டாள். அவர் பெட்டியின் மூலையை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

போனை அலமாரியில் சாய்த்து வீடியோ எடுக்க விட்டாள். அவளும் அல்தாப்பும் பெட்டியைத் திறப்பு கீழே இருக்கத் தண்ணீர் டிரம்முக்குள் முழுக அழுத்திப் பிடித்தார்கள். உள்ளே அடைபட்ட காற்றிலிருந்து ஒரு குமிழிகூட மேலே வரவில்லை.

“போதும், நிறுத்தும்மா.” அவர் குரல் இறங்கியிருந்தது. “கோடையில இலையெல்லாம் கொட்டிடும். மண்ணும் வேரும் மூச்சு விட்டுக்கிட்டேதான் இருக்கும். ஆனா வருஷம் பூரா மலை உறிஞ்சுதுன்னு நான் முன்னாடியே ரிப்போர்ட் எழுதிக் குடுத்துட்டேன்.”

“அதுக்கு எம் பெட்டிதான் கெடச்சுதா?”

அந்த வீடியோ தன் டைரக்டருக்குப் போனால் மும்பையில் ஒரு ஆய்வகத்திலும் அவளுக்கு இனி வேலை கிடைக்காது என்றார். ஜுவைரியா ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை டைரக்டருக்கு அனுப்பினாள்.

அவர் வெளியே இறங்கியதும் ஜூன் மழை தகரத்தில் விழத் தொடங்கியது. குடையில்லாமல் வாசல் தகரத்தின் கீழேயே நின்றார். அல்தாப் அவருக்காக ஸ்டூலை எடுக்கப் போனான். ஜுவைரியா அதில் உட்கார்ந்துகொண்டாள். சந்தின் காய்ந்த மண் நனைந்து வாடை கிளம்பியது. அவர் முதுகைக் காட்டியபடி நின்றிருந்தார். மழை விடவில்லை.