இலவச மின்னஞ்சலும் திருவதிகை மனையும்

சோபியாவின் எம்.பி.ஏ. புராஜெக்ட் அறிக்கையில் ஒரே ஒரு பக்கம்தான் பாக்கி: ‘நான் கற்றுக்கொண்டவை’. இரண்டாயிரமாம் ஆண்டுக் கோடை முழுக்க, சென்னையில் புதிதாக முளைத்த ஓர் இணையக் கம்பெனிக்காக நெய்வேலி டவுன்ஷிப்பில் வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தாள். ஃபாரம் நிரப்பினால் மின்னஞ்சல் இலவசம். கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூட நிரப்பினார்கள். ஃபாரம் என்று ஒன்றை நீட்டிவிட்டால் டவுன்ஷிப்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது. பெயரும் முகவரியும் கேட்டால், எம்ப்ளாயி நம்பர், ஷிப்ட், ரிட்டயராகும் தேதி எல்லாவற்றையும் ஓரத்தில் எழுதித் தள்ளுவார்கள். அவளும் அந்த ஊர்ப் பெண்தானே! அப்பா அமிர்தநாதன் பெயரில் முதல் ஃபாரத்தை அவளே நிரப்பினாள். ‘எதிர்காலத் திட்டம்’ என்ற கட்டத்தில், ‘திருவதிகையில் மனை. பக்கத்து மனை சைமன்ராஜ் அங்கிளுக்கு’ என்று எழுதினாள்.

ஜூலையில் ஒரு மனை புரோக்கர் வந்து நின்றான். அப்பா நைட் ஷிப்ட் முடிந்து தூங்கி எழும் நேரம் பார்த்துச் சரியாக வந்தான்.

“சார், திருவதிகையில ரெண்டு மனை பாக்குறீங்களாமே?”

அமிர்தநாதனுக்குப் பகீரென்றது. ரிட்டயரானால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இருபது வருடமாக எதிர்வீட்டுக்காரரான சைமன்ராஜும் அவரும் அப்போதும் அக்கம்பக்கமாகவே இருப்பது என்று பேசி வைத்திருந்தார்கள். விலை ஏறிவிடும் என்று வெளியில் மூச்சு விடவில்லை.

“நம்ம ரெண்டு வூட்டத் தவிர யாருக்குத் தெரியும்? சைமன்ராஜ்தான் ஒளறிக்கினு திரியிறான்” என்று வீட்டுக்குள் பொருமினார்.

அன்றிலிருந்து ஜன்னலோரமே கதி. சைமன்ராஜ் யாரிடமாவது சிரித்துப் பேசினால், தன்னைப் பற்றித்தான் என்றார். எதிர்வீட்டு கேட்டில் புரோக்கரின் ஸ்கூட்டரைப் பார்த்ததும், “பாத்தியா!” என்று துள்ளினார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஒன்றாகப் போனவர்கள் தனித்தனியாகப் போனார்கள்.

புரோக்கர் மறுபடி வந்தபோது, அவன் கையிலிருந்த அச்சடித்த பட்டியலைச் சோபியா எட்டிப் பார்த்தாள். அப்பா பெயருக்கு நேரே, ‘பக்கத்து மனை சைமன்ராஜ் அங்கிளுக்கு.’ எந்த அப்பா தன் சிநேகிதனை அங்கிள் என்பார்? ‘பயன்படுத்துகிறவனிடம் காசு வாங்கவில்லை என்றால், அவனையே விற்கிறார்கள் என்று அர்த்தம்.’ வகுப்பில் சொன்னதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தாள். கம்பெனி ஃபாரங்களைப் புரோக்கரிடம் விற்றிருக்கிறது என்று இப்போதுதான் புரிந்தது. வெட்கத்தில் உடம்பு கூசியது.

“அப்பா, எழுதிக் குடுத்தது நான்தான்.”

அவர் திட்டவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு அவளை எதிர்வீட்டுக்கு அழைத்துப் போனார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சைமன்ராஜ் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“எங்கிட்டயும் வந்தாண்ணே. நீங்கதான் சொல்லிட்டீங்கன்னு நெனச்சேன். மனசு விட்டுப்போச்சு. போன வாரம் மேல்பட்டாம்பாக்கத்துல ஒரு வூட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன்.”

அமிர்தநாதன் மகளோடு வெளியே வந்தார். கேட்டைச் சாத்தும்போது கேட்டார்:

“மொத்தம் எத்தன ஃபாரம் வாங்குன?”

“நானூத்திப் பன்னெண்டு.”

“அத்தன வூட்டுக்கும் போ. யாரு யாரச் சந்தேகப்பட்டுக்கினு இருக்காங்களோ.”