இரண்டு பேர் பிடிக்கவேண்டிய உடம்பு

ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்துக்கு அடுத்த வருஷம், தண்ணீரூற்று என்ற ஊரில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கருவாட்டுக் கடகப்பெட்டியோடு விழுந்தேன். கடகம் தப்பிவிட்டது. என் இடுப்பெலும்பு வெடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கொஞ்சக் காலம் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் கிடந்தால் போதும் என்று அனுப்பினார்கள். டாக்குத்தர் ஒன்றை மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னார். காலையும் மாலையும் இரண்டு பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் பிடித்து என்னைப் பக்கம் புரட்ட வேண்டும். புரட்டாவிட்டால் முதுகில் படுக்கைப் புண் வரும். புண் அழுகினால் ஆள் தப்பாது.

எனக்கு யார் இருக்கிறார்கள் புரட்ட? புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் மன்னாரில், வயிற்றில் தலைப்பிள்ளையோடு இருந்தாள். முல்லைத்தீவுக் கரையில் எனக்கென்று இருந்தது என் வாய் ஒன்றுதான், அதற்குப் பயந்து பாதிச் சனம் என் படலைப் பக்கமே வராது. கடைசியில் எங்கள் கோயிலின் மரியாயின் சேனைப் பெண்கள்தான் என்னைப் பொறுப்பெடுத்தார்கள். அவர்கள் கிழமைக்கொருமுறை கூடி, நோயாளி வீடு, செத்தவீடு என்று வேலை பிரிப்பார்கள். சோடியாகத்தான் போகவேண்டும், யாரோடு யார் என்பதைத் தலைவிதான் சொல்லுவார். இவளோடு எனக்கு ஏலாது என்று சொல்ல அங்கே இடமில்லை. அடுத்த கூட்டத்தில் எழும்பி நின்று, செய்ததைச் சொல்லவும் வேண்டும்.

எனக்கு வந்த சோடி புனிதமும் சுசிலாவும். தலைவி தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

இரண்டு பேருக்கும் இரண்டு வருஷமாகக் கதைபேச்சு இல்லை. புனிதத்தின் தம்பி பேதுருவும் சுசிலாவின் புருஷன் அல்பேர்ட்டும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர்கள். வாடைக் காற்றில் ஒருநாள் பொழுதுபடும் நேரம் வள்ளம் கவிழ்ந்தது. மறுநாள் அல்பேர்ட் மட்டும் கரை சேர்ந்தான். பேதுருவின் உடம்புகூடக் கிடைக்கவில்லை. செத்தவீட்டுக்கு வந்து மூலையில் குந்தியிருந்த அல்பேர்ட்டின் சட்டையைப் பிடித்து, "என்ரை தம்பியை எங்கையடா விட்டனி?" என்று புனிதம் உலுக்கினாள். அவன் வாயே திறக்கவில்லை. "பார், கொலைகாரன் பேசாமல் இருக்கிறான்!" என்று அவள் கத்த, சுசிலா புருஷனை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்படிப்பட்ட இரண்டு பேர் என் கட்டிலுக்கு அங்காலும் இங்காலும் நின்றார்கள்.

குறை சொல்லக்கூடாது, இருவரும் தங்கமான பிள்ளைகள்தான். புனிதம் காய்ச்சும் கஞ்சிக்கு ஈடில்லை. சுசிலா என் மலசலத்தை முகம் சுளிக்காமல் அள்ளினாள். ஆனால் புரட்டும் நேரம் வந்தால்?

"பாக்கியமக்கா, தலைமாட்டிலை நிக்கிறவவைத் தோளைப் பிடிக்கச் சொல்லுங்கோ," என்பாள் சுசிலா.

"எனக்குத் தெரியும் எண்டு சொல்லுங்கோ அக்கா," என்பாள் புனிதம்.

இவளின் சொல்லை அவளிடம் கொண்டுபோக நான் என்ன தந்திக் கந்தோரா? நான் சொல்லி முடிக்குமுன் ஒருத்தி இழுத்துவிடுவாள், மற்றவள் இன்னும் கை வைத்திருக்க மாட்டாள். பிழிந்த சீலை மாதிரி உடம்பு முறுகும். "ஐயோ மாதாவே!" என்று நான் வைக்கும் கூச்சல் சந்தியில் சின்னராசாவின் கடை வரைக்கும் கேட்குமாம்.

பிறகு முழந்தாளில் நின்று செபமாலை சொல்லுவார்கள். மந்திரத்தின் முதற்பாதியைப் புனிதம் சொல்ல, மற்றப் பாதியைச் சுசிலா சொல்லுவாள். அதில் ஒரு பிசகும் வராது. ஞாயிறு பூசையிலும் அடுத்தடுத்து நின்று நன்மை அப்பத்தை நாக்கில் வாங்குவார்கள். ஆண்டவரை வாங்கிய நாக்குக்கு, பக்கத்தில் நிற்பவளோடு ஒரு சொல் கதைக்க ஏலாதாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் பின்னேரம் சுசிலா என் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். "அக்கா, தோல் சிவந்து உரியுது."

பேரப்பிள்ளையின் முகம் பார்க்காமல் போய்விடுவேனோ என்று பயந்தேன். பயம் வந்தால் எனக்குப் பின்னாலேயே கோபமும் வந்துவிடும்.

"இனி நீங்கள் ரெண்டு பேரும் கதைக்கும் வரை என்னிலை கை வைக்கக்கூடாது."

"புண் பெருத்தால் செத்துப்போவியள் அக்கா!" என்றாள் புனிதம்.

"சாகிறன். கூட்டத்திலை எழும்பி நிண்டு சொல்லுங்கோவன், நாங்கள் கதைக்காததாலை நோயாளி செத்துப்போனா எண்டு."

கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கெஞ்சிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையிலும் வந்தார்கள், நான் விடவில்லை, அவர்களும் கதைக்கவில்லை. பகல் முழுவதும் முதுகில் தணல் கொட்டியது போல எரிந்தது. வாய்க்கொழுப்பால் நானே எனக்குக் குழி வெட்டினேனே என்று அழுதேன்.

பின்னேரம் இருவரும் வந்தபோது அறையில் புண் மணம் பிடித்துவிட்டது. சுசிலாவின் முகம் மாறியது. என்னைப் பார்க்காமல் நேரே எதிரே பார்த்தாள்.

"புனிதம், தோளைப் பிடி."

புனிதம் குனிந்து என் தோளில் கை வைத்தாள். "பிடிச்சிட்டன். நீ சொல்லு."

"இப்ப."

நான் புரண்டேன். நோகவே இல்லை. இதைச் செய்ய இவ்வளவு நாளா, பாவியளே!

நான் சுவரைப் பார்த்தபடி, எலும்பு வெடிக்காத நல்ல பக்கத்தில் கிடந்தேன். புனிதம் என் தோளைத் தாங்க, சுசிலா சுடுதண்ணீரால் புண்ணைத் துடைத்தாள். கதைத்தது அவ்வளவுதானாக்கும் என்று நினைத்தேன்.

"உன்ரை மனிசன் அண்டைக்குச் செத்தவீட்டிலை ஏன் ஒரு சொல்லும் சொல்லேல்லை?" என்றாள் புனிதம்.

முதுகில் துணி நின்றது.

"குரல் இல்லை," என்றாள் சுசிலா. "கவிண்ட வள்ளத்திலை தொங்கிக்கொண்டு இரா முழுக்க உன்ரை தம்பியைக் கூப்பிட்டவர். விடியத் தொண்டை போச்சு. கன நாள் வெறும் காத்துத்தான் வந்தது."

"ஏன் நீ எனக்குச் சொல்லேல்லை?"

"நீ அவரைக் கொலைகாரன் எண்டனி. எனக்குக் கோவம். பிறகு சொல்ல வர, நீ முகத்தைத் திருப்பினனி."

புனிதம் என் தோளுக்கு மேலால் குனிந்தாள். "இரா முழுக்கவோ?"

"ஓம். இப்பவும் நித்திரையிலை கூப்பிடுவார்."

"என்னெண்டு?"

"பேதுரு, கையைத் தா எண்டு."

புனிதம் என் தோளை விட்டுவிட்டாள். விட்டது அவளுக்கே தெரியாது. கட்டிலுக்கு மேலால் எட்டி அவள் சுசிலாவைப் பிடித்துக்கொண்டு அழுவது கேட்டது. சுசிலாவும் அழுதாள். என் உடம்பு பின்னால் சரிந்து, பாரம் முழுவதும் வெடித்த எலும்பில் இறங்கியது. கண் இருண்டது. சந்திக் கடை என்ன, முள்ளியவளை ஊர் வரைக்கும் கேட்கக் கத்தியிருக்கலாம். ஆனால் ஒரு முனகல் முனகினால் போதும், இருவரும் அந்தக் கதையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பிவிடுவார்கள். தலையணையைக் கடித்துக்கொண்டேன். புனிதம் இன்னும் ஏதோ கேட்டாள், சுசிலா சொன்னாள். கதைக்கட்டும் என்று பேசாமல் கிடந்தேன்.