பதினைந்தடி தள்ளி ஒரு பெட்டி

கல்யாணத்தன்று வெர்லின் ஹாஸ்கெட் தன் மனைவி டெல்ஃபாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்: "நம்ம சமையலறை ஜன்னல்ல நின்னா உனக்கு நீலக்குருவி கூடு தெரியும், பாரு." நாற்பத்தொரு வருஷமாயிற்று. அமெரிக்காவின் கென்டக்கியில், நீலக்குருவிக்கென்று அவர் வைத்த கூட்டுப்பெட்டிகளிலெல்லாம் தகைவிலான் குருவிதான் குடியேறியது, என்னமோ பட்டா வாங்கி வைத்திருப்பதுபோல.

வருகிற ஜூனில் நிலத்தை விட்டுவிட்டு மகளோடு இருக்க நகரத்துக்குப் போகிறார்கள். இதுதான் கடைசி வசந்தம். சொன்ன சொல்லைக் காப்பாற்றாமல் கிளம்ப வெர்லினுக்கு மனமில்லை.

புதுப் பெட்டியை இழைத்து இழைத்துச் செய்து ஜன்னலுக்கு எதிரே கம்பத்தில் நட்டார். இரண்டாம் நாளே தகைவிலான் ஆஜர்.

"வந்துட்டார் உன் மாப்பிள்ளை," என்றாள் டெல்ஃபா, சோளரொட்டியை வெட்டிக்கொண்டே. "பக்கத்துல இன்னொரு பெட்டி வையேன்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. நீலக்குருவிக்கு நீலக்குருவி ஆகாது. நூறு கெஜம் தள்ளித்தான் வைக்கணும். இருபது வருஷமா பறவைச் சங்கத்துல இருக்கேன்."

"ஆமா, ஒரு நீலக்குருவிகூட எட்டிப் பாக்காத சங்கத்துக்காரர்!"

அவருக்குச் சுருக்கென்றது. தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

திரும்பி வந்தால், அவர் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொன்று நிற்கிறது. பழைய வேலிப்பலகை, கோணல் கூரை.

"என்ன இது, எலிப்பொறியா?"

"பதினஞ்சடி, அளந்து நட்டிருக்கேன். தகைவிலான் பக்கத்துல இன்னொரு தகைவிலானை அண்ட விடாது. நீலக்குருவியைக் கண்டுக்காது. உன் மாப்பிள்ளை இனிமே எனக்குக் காவல்காரன்."

வெர்லின் விழுந்து விழுந்து சிரித்தார்.

நான்காம் நாள் காலை காபியோடு ஜன்னலில் நின்றார். கோணல் பெட்டிக்கு வந்த இன்னொரு தகைவிலானை முதல் தகைவிலான் துரத்தியடித்தது. பிறகு, வாயில் புல்லோடு, நெஞ்சு சிவந்த ஒரு நீலக்குருவி அந்த ஓட்டைக்குள் நுழைந்தது. காவல்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"டெல்ஃபா!" என்று கத்தினார். அவள் ஈரக்கையோடு ஓடி வந்து பார்த்தாள். இருவருக்கும் கண் நிறைந்தது. அவருக்கு அவ்வளவு சந்தோஷம், அவ்வளவு வெட்கம்.

"இது உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"சின்ன வயசுலேயே. எங்கப்பா இப்படித்தான் வைப்பார்."

"அப்ப ஏன் சொல்லலே?"

"வருஷா வருஷம் சொன்னேனே! நீதான் 'உனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னே."

வெர்லின் தலையைத் தடவிக்கொண்டார். "வேற என்னெல்லாம் சொல்லி நான் கேக்காம விட்டேன்?"

டெல்ஃபா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு. இன்னொரு காபி ஊத்தறேன். நேரமாகும்."